ஏற்காடு மலைக்கு எந்த ஹைப்ரிட் கார் தாங்கும்? சாதாவா, பிளக் போடுவதா? டிரைவர்களுக்கு ஒரு கணக்கு!

சேலம்:

ஏற்காடு மலையில் கார் ஓட்டி பிழைப்பவர்களுக்கு இப்போது புது தலைவலி. பழைய டீசல் வண்டி ஓய்ந்து வருகிறது. புது வண்டி பார்க்க ஷோரூம் போனால், 'ஹைப்ரிட் எடுங்க, மைலேஜ் அள்ளும்' என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் செல்போனில் வீடியோ பார்த்த மகன், 'பிளக் போட்டு சார்ஜ் ஏத்துற ஹைப்ரிட் வெளிநாட்டுல வந்துடுச்சுப்பா, கொஞ்சம் பொறுத்து அதையே எடுக்கலாம்' என்கிறான்.

இரண்டுக்கும் பெயர் ஹைப்ரிட்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சமவெளியில் ஓடும் வண்டிக்கு சொல்லும் கணக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டிக்கு பொருந்தாது. 15 லட்சம், 20 லட்சம் கடன் வாங்கி தப்பான வண்டியை எடுத்துவிட்டால் 5 வருடம் டியூ கட்டி அழ வேண்டியதுதான். வண்டிக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை இந்த கணக்கை போட்டு பார்ப்பது நல்லது.

டீசல் போச்சு, என்ன செய்வது?

பல வருடமாக டாக்சி என்றாலே டீசல்தான். 2020 ஏப்ரல் 1-ந்தேதி பி.எஸ்.6 புகை கட்டுப்பாடு வந்தது. அத்தோடு மாருதி நிறுவனம் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. டாக்சி டிரைவர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த டொயோட்டா எட்டியாசும் அதே வருடம் நின்றது. 2022 கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் வந்தபோது அதில் டீசல் எஞ்சினே இல்லை. ஒன்று பெட்ரோல், இல்லாவிட்டால் பெட்ரோல் ஹைப்ரிட்.

அதற்கு முன்பே 2022 செப்டம்பரில் மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் ஹைப்ரிட்டாக வந்தன. அதுவரை ஹைப்ரிட் என்றால் பணக்காரர் சமாச்சாரம். உலகம் முழுக்க பெயர் வாங்கிய டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் 1997-லேயே விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு 2010-ல் வந்தும் விலையை பார்த்து யாரும் கிட்டே போகவில்லை. 2022-க்கு பிறகுதான் டிராவல்ஸ் வைத்திருப்பவர்களும் தவணைக்கு வண்டி எடுப்பவர்களும் ஹைப்ரிட் பக்கம் திரும்பி பார்க்கிறார்கள்.

எது சாதா? எது பிளக்?

சாதா ஹைப்ரிட்டில் பெட்ரோல் எஞ்சின் ஒன்று, மோட்டார் ஒன்று, சின்ன பேட்டரி ஒன்று இருக்கும். பிளக் கிடையாது. பிரேக் மிதிக்கும்போதும் இறக்கத்தில் போகும்போதும் மோட்டார் டைனமோ மாதிரி சுற்றி கரண்ட் தயாரிக்கும். எஞ்சினும் ஓடும்போது சார்ஜ் ஏற்றும். அந்த கரண்ட் சிக்னலில் கிளம்பவும் மெதுவாக போகவும் உதவும். எல்லா சக்திக்கும் மூலம் பெட்ரோல்தான். வீணாகப் போவதை கொஞ்சம் பிடித்து திரும்ப பயன்படுத்துகிறது, அவ்வளவுதான்.

பிளக்-இன் ஹைப்ரிட்டிலும் எஞ்சின் உண்டு, மோட்டார் உண்டு. ஆனால் பேட்டரி பெரிசு. ராத்திரி வீட்டில் பிளக்கில் போட்டு செல்போன் மாதிரி சார்ஜ் ஏற்றலாம். காலையில் ஒரு 50, 60 கிலோ மீட்டர் பெட்ரோலை தொடாமலே ஓடும். சார்ஜ் தீர்ந்தால் நடு ரோட்டில் நிற்காது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகி சாதா ஹைப்ரிட் மாதிரி போகும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 'ஸ்மார்ட் ஹைப்ரிட்', 'மைல்டு ஹைப்ரிட்' என்று வரும் வண்டிகள். 2015-ல் இருந்து சியாஸ், எர்டிகா போன்ற கார்களில் இந்த பெயர் ஒட்டப்பட்டது. இதில் மோட்டார் எஞ்சினுக்கு கை கொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. மிச்சமும் குறைவு. வண்டியில் 'ஹைப்ரிட்' என்று எழுதியிருப்பதை பார்த்து மயங்கக்கூடாது. 'எஞ்சின் ஆப் ஆகி மோட்டாரில் மட்டும் வண்டி ஓடுமா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.

மலை போடும் கணக்கு

சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, அடிவாரம் தாண்டி மேலே போகும் ஒவ்வொரு வண்டியும் சுமார் 1,200 மீட்டர் உயரத்துக்கு தன்னையே தூக்கிக்கொண்டு போகிறது.

காரும், 4 ஆளும், பெட்டி படுக்கையும் சேர்த்து 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த பாரத்தை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 5 யூனிட்டுக்கு மேல் சக்தி வேண்டும். வீட்டு மீட்டரில் ஓடுமே, அதே யூனிட்தான். டயர் உரசல், ஏ.சி., மோட்டாரில் போகும் சேதாரம் எல்லாம் சேர்த்தால் சுமார் 8 யூனிட் ஆகிவிடும்.

இப்போது பேட்டரியை பாருங்கள். கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டில் உள்ள பேட்டரி 0.76 யூனிட் பிடிக்கும். ஒரு யூனிட் கூட இல்லை! அதையும் முழுசாக காலி செய்யவோ முழுசாக நிரப்பவோ வண்டியின் கம்ப்யூட்டர் விடாது. பேட்டரி ஆயுளை காப்பாற்ற நடுவில் உள்ள பாதியைத்தான் பயன்படுத்தும். கையில் இருப்பது 0.4 யூனிட். தேவை 8 யூனிட். இரண்டு, மூன்று வளைவு தாண்டுவதற்குள் பேட்டரியின் உதவி தீர்ந்து போகும். அப்புறம் எஞ்சின்தான் மூச்சு பிடித்து இழுக்க வேண்டும். 'கம்பெனி 27 மைலேஜ்னு சொன்னான், மலையில 12 கூட காட்டலையே' என்ற புலம்பலுக்கு காரணம் இதுதான். கம்பெனி சொல்லும் 27.97 என்பது சோதனைக்கூடத்தில் எடுத்த கணக்கு. அங்கே கொண்டை ஊசி வளைவு கிடையாது.

பிளக்-இன் வண்டியில் 15 முதல் 20 யூனிட் பேட்டரி சாதாரணம். 8 யூனிட் செலவு செய்து மலை ஏறிவிட்டு மேலே சுற்றி பார்க்கவும் மிச்சம் வைத்திருக்கும். ஆனால் பெரிய பேட்டரியால் வண்டி எடை சுமார் 200 கிலோ கூடும். அதாவது ஒவ்வொரு ட்ரிப்பிலும் காசு தராத 3 பாசஞ்சரை சேர்த்து ஏற்றிப்போகிற மாதிரி. சார்ஜ் இருக்கும் வரை அது தெரியாது. சார்ஜ் இல்லாவிட்டால் அந்த பாரத்தை பெட்ரோல்தான் இழுக்க வேண்டும்.

இறக்கத்தில் வீணாகும் கரண்ட்

'ஏறும்போது போனா என்ன, இறங்கும்போது சார்ஜ் ஏறிடுமே?' என்று நினைப்பது சகஜம். நியாயமான கேள்விதான். 1,200 மீட்டர் இறக்கத்தில் சேதாரம் போக இரண்டரை முதல் 3 யூனிட் வரை கரண்ட் எடுக்க முடியும். ஆனால் பிடித்து வைக்க பாத்திரம் வேண்டாமா? சாதா ஹைப்ரிட்டில் இருப்பது சின்ன சொம்பு. 3, 4 வளைவு இறங்குவதற்குள் நிரம்பிவிடும். மீதி 16 வளைவில் கிடைப்பதெல்லாம் சூடாகி காற்றில் போகும். பிளக்-இன் வண்டியிடம் இருப்பது பெரிய குடம். மொத்த இறக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேலே லாட்ஜில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நிரம்பிய பேட்டரியோடு இறங்கினால் அந்த குடத்திலும் இடம் இருக்காது. இறக்கத்து கரண்ட் அத்தனையும் வேஸ்ட். கீழே சேலத்தில் சார்ஜ் போட்டு ஏறுவதுதான் லாபம்.

கவனம்... நியூட்ரல் வேண்டாம்!

இது காசு விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். பேட்டரி நிரம்பிய பிறகு மோட்டாரால் வண்டியை பிடிக்க முடியாது. பாரம் முழுவதும் பிரேக் மீது விழும். இறக்கம் முழுவதும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகி பிடிப்பு குறையும். மலையில் ஓட்டுகிற யாருக்கும் இதை சொல்லித்தர தேவையில்லை. பழைய வண்டியில் செகண்ட் கியர் போட்டு எஞ்சின் பிடியில் இறக்குவார்கள். ஹைப்ரிட்டில் செகண்ட் கியர் எங்கே?

அதற்காகத்தான் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைப்ரிட்களில் 'பி' என்று ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் பேட்டரி நிரம்பினாலும் எஞ்சினை சுற்ற வைத்து வண்டியை பிடிக்கும். எஞ்சின் சத்தம் கூடும். வண்டிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து திரும்ப 'டி'-க்கு மாற்றக்கூடாது.

இன்னொரு பழக்கம் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது. எந்த வண்டியிலும் அது ஆபத்து. ஹைப்ரிட்டில் ஆபத்தோடு நஷ்டமும் சேரும். நியூட்ரலில் சார்ஜும் ஏறாது, எஞ்சின் பிடியும் இருக்காது.

ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு?

சேலம் ஜங்ஷனில் பாசஞ்சரை ஏற்றி, மலை ஏறி, படகு இல்லம், லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட், சேர்வராயன் கோவில் காட்டிவிட்டு திரும்ப ஜங்ஷனில் இறக்கினால் சுமார் 80 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கரண்ட் யூனிட் 9 ரூபாய் என்று போடுவோம். விலை மாறினால் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

சாதாரண பெட்ரோல் கார் மலையும் டவுனும் சேர்த்து 12 கொடுத்தால் செலவு சுமார் 670 ரூபாய்.

சாதா ஹைப்ரிட் 17 கொடுத்தால் சுமார் 470 ரூபாய். இந்த மிச்சம் பெரும்பாலும் மலை ஏற்றத்தில் வருவதில்லை. அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு சிக்னலிலும், சீசனில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும்போதும், மேலே ஏரியை சுற்றி மெதுவாக ஓட்டும்போதும் வருகிறது. கோடை விழா நேரத்தில் வளைவில் அரை மணி நேரம் நின்றால் டீசல் வண்டி சும்மாவே எரிக்கும். ஹைப்ரிட் பெரும்பாலும் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும்.

பிளக்-இன் வண்டி முழு சார்ஜில் கிளம்பினால் இதே ட்ரிப்பை ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் முடிக்கலாம். பிளக்கில் இருந்து 15 யூனிட் இழுத்தால் 135 ரூபாய். அதாவது சாதா ஹைப்ரிட்டை விட 335 ரூபாய் மிச்சம்.

கேட்க இனிக்கிறது. ஆனால் இது முதல் ட்ரிப்புக்கு மட்டும். மத்தியானம் இரண்டாவது ட்ரிப் வந்தால்? வீட்டில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் 15 யூனிட் ஏற 5 மணி நேரம் ஆகும். பாசஞ்சர் காத்திருக்க மாட்டார். இரண்டாவது ட்ரிப் பெட்ரோலில்தான், அதுவும் 200 கிலோ கூடுதல் பாரத்தோடு.

சார்ஜ் போடாவிட்டால் அம்பேல்

பிளக்-இன் வண்டியின் முழு வெற்றியும் ஓட்டுபவர் கையில் இருக்கிறது. தினமும் மறக்காமல் பிளக் போட வேண்டும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி.

2021-ல் விற்ற கார்களில் பொருத்தப்பட்டிருந்த எரிபொருள் மீட்டர்களின் கணக்கை எடுத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஒரு அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் ரோட்டில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைக்கூடத்தில் சொன்னதை விட சராசரியாக மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிய வந்தது. காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போட்டு ஓட்டவில்லை. பிளக் வசதி நிறைந்த ஊர்களிலேயே இந்த கதை.

இங்கே நிலைமை என்ன? நிறைய டிரைவர்களுக்கு வாடகை வீடு. வண்டி நிற்பது தெரு ஓரம். ஸ்டாண்டில் வண்டியை போட்டுவிட்டு பஸ்சில் வீட்டுக்கு போகிறவர்களும் உண்டு. மாடி வீட்டில் இருந்து ஒயர் இழுத்து ரோட்டுக்கு கொண்டு வர முடியாது, அது ஆபத்தும் கூட. வாடகை வீட்டில் தினமும் 15 யூனிட் என்றால் 2 மாதத்துக்கு 900 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி 600 யூனிட்டை தாண்டினால் யூனிட்டுக்கு 9 ரூபாய் 65 காசு, 800-ஐ தாண்டினால் 10 ரூபாய் 70 காசு. வீட்டு ஓனர் சும்மா இருப்பாரா? ஹைப்ரிட் வாங்குவதற்கு முன் டிரைவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி மைலேஜ் எவ்வளவு என்பதல்ல. வண்டி ராத்திரி எங்கே தூங்குகிறது என்பதுதான்.

மழைக்காலம் இன்னொரு சோதனை. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மலையில் காற்று மழை என்றால் மரம் விழுவதும் கரண்ட் போவதும் புதுசல்ல. முழு மின்சார கார் அப்போது திண்டாடும். பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு டேங்கில் பெட்ரோல் இருந்தால் பயமில்லை. இது அதற்கு ஒரு பிளஸ் பாயிண்ட்.

வாங்கலாம், ஆனால் விலை?

இவ்வளவும் படித்துவிட்டு 'சொந்த வீடு இருக்கு, பிளக் இருக்கு, பிளக்-இன்னே எடுத்துடலாம்' என்று கிளம்பினால் அங்கேதான் இடி. 2025 வரை இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் எல்லாம் கோடீஸ்வரர் வண்டிகள். 2016-ல் வந்த வால்வோ எக்ஸ்.சி.90 ரகத்தின் விலை ஒன்றேகால் கோடி. 2022 டிசம்பரில் வந்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். 2 கோடியே 60 லட்சம். இதை வைத்து ஏற்காட்டுக்கு சவாரி அடிப்பது நடக்கிற காரியமா?

தொழில்நுட்பம் அவ்வளவு காசு பிடிப்பதா என்றால் அதுவும் இல்லை. சீனாவில் பி.ஒய்.டி. நிறுவனம் 2024 மே மாதம் விட்ட பிளக்-இன் கார் 99 ஆயிரத்து 800 யுவானில் தொடங்கியது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு சுமார் பதினொன்றரை லட்சம். இங்கே ஒரு சாதா ஹைப்ரிட் விலைக்கும் கீழே!

இங்கே தடையாக நிற்பதில் வரியும் ஒன்று. முழு மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ந்தேதி அமலுக்கு வந்த புது வரி விகிதத்தில் 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கு 18 சதவீதம். அதை தாண்டினால் 40 சதவீதம். அதற்கு முன் பெரிய ஹைப்ரிட்டுக்கு செஸ்சோடு சேர்த்து 43 சதவீதம். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹைகிராஸ் எல்லாமே 40 சதவீத கூண்டுக்குள்தான். சாதாவோ, பிளக்கோ, இரண்டுக்கும் ஒரே தராசு. தினமும் சார்ஜ் போட்டு பெட்ரோலை தொடாமல் ஓட்டுகிறவருக்கும் சலுகை இல்லை. உத்தரபிரதேச அரசு 2024 ஜூலையில் ஹைப்ரிட், பிளக்-இன் கார்களுக்கு பதிவு வரியை தள்ளுபடி செய்து பார்த்தது. தமிழ்நாட்டின் 2023 மின் வாகன கொள்கை தந்த சாலை வரி விலக்கு பேட்டரியில் மட்டும் ஓடும் வண்டிக்குத்தான்.

டியூவுக்கு மிச்சம் சரியாகுமா?

ஆக, சாமானியர் கைக்கு எட்டுவது சாதா ஹைப்ரிட் ஒன்றுதான். அதையாவது எடுக்கலாமா? கணக்கை பார்ப்போம்.

மேலே போட்ட ட்ரிப் கணக்குப்படி பெட்ரோல் காரை விட ஹைப்ரிட்டில் கிலோ மீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சம். ஹைப்ரிட்டுக்கு கூடுதலாக 3 லட்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சத்துக்கு மட்டும் 10 சதவீத வட்டியில் 5 வருட டியூ போட்டால் மாதம் சுமார் 6 ஆயிரத்து 370 ரூபாய். இரண்டரை ரூபாய் மிச்சத்தில் அதை எடுக்க மாதம் சுமார் 2 ஆயிரத்து 550 கிலோ மீட்டர் ஓட வேண்டும். வருடத்துக்கு 30 ஆயிரத்துக்கு மேல்.

தினமும் மலைக்கு ஒரு ட்ரிப், மாதம் 20 நாள் மட்டும் ஓடுகிறவருக்கு 1,600 கிலோ மீட்டர்தான் வரும். மிச்சம் 4 ஆயிரம். டியூ 6 ஆயிரத்து 370. மாதா மாதம் கைக்காசு 2 ஆயிரத்துக்கு மேல் போகும். சீசன் முடிந்து சவாரி குறையும் மாதத்தில் இன்னும் மோசம். வருடம் 40 ஆயிரம் ஓடுகிறவருக்கு மாதம் 8 ஆயிரத்து 300 மிச்சம். அவருக்கு முதல் மாதத்தில் இருந்தே லாபம். வீட்டு உபயோகத்துக்கு வருடம் 8 ஆயிரம் ஓட்டுகிறவருக்கு போட்ட 3 லட்சம் திரும்பி வர வட்டி இல்லாமலே 15 வருடம்.

வாரண்டியில் ஒரு பொடி

நிறைய ஓடினால் லாபம் என்று சந்தோஷப்படும் இடத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஹைப்ரிட் பேட்டரிக்கு மாருதியும் டொயோட்டாவும் சொல்லும் வாரண்டி 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர். எது முந்துகிறதோ அது. விளம்பரத்தில் 8 வருடம்தான் கண்ணுக்கு தெரியும். வருடம் 40 ஆயிரம் ஓட்டும் டாக்சிக்கு 4 வருடத்தில் வாரண்டி முடிந்துவிடும். டியூ இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கும். அந்த ஒரு வருடம் டிரைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

அதற்காக பேட்டரி 4 வருடத்தில் செத்துவிடும் என்று அர்த்தமில்லை. உலகம் முழுக்க பிரியஸ் டாக்சிகள் பல லட்சம் கிலோ மீட்டர் ஓடியிருக்கின்றன. பக்கத்தில் இலங்கையை பாருங்கள். ஜப்பானில் ஓடிய பழைய ஹைப்ரிட் கார்கள் அங்கே ஏராளம். டொயோட்டா அக்வா, பிரியஸ், ஹோண்டா வெசல் இல்லாத ஊரே இல்லை. 2020 மார்ச்சில் கார் இறக்குமதிக்கு தடை வந்து 2025 பிப்ரவரியில்தான் நீங்கியது. அந்த 5 வருடமும் இருந்த ஹைப்ரிட் வண்டிகளையே பழுது பார்த்து ஓட்டினார்கள். பேட்டரியை பிரித்து கெட்டுப்போன செல்லை மட்டும் மாற்றித்தரும் மெக்கானிக்குகள் அங்கே உருவாகிவிட்டார்கள். அந்த அளவு கைத்தொழில் இங்கே பரவ வேண்டும். அதுவரை கம்பெனி ஒர்க்‌ஷாப் போடும் எஸ்டிமேட்தான் சட்டம்.

யாருக்கு எது?

ஒன்று. வருடம் 30 ஆயிரத்துக்கு மேல் ஓடும் வண்டி, டவுன் சவாரியும் ஏர்போர்ட் சவாரியும் கலந்து வரும் வண்டி என்றால் சாதா ஹைப்ரிட் கை கொடுக்கும். பிளக் தேவையில்லை, இடம் தேவையில்லை.

இரண்டு. மலைக்கு மட்டும் வாரத்தில் சில ட்ரிப், மற்ற நாள் வண்டி சும்மா நிற்கிறது என்றால் ஹைப்ரிட்டுக்கு கூடுதல் கடன் வாங்குவது வீண். சாதாரண பெட்ரோலோ சி.என்.ஜி.யோ போதும். ஆனால் சி.என்.ஜி.யில் இழுவை கொஞ்சம் குறையும், டிக்கியில் சிலிண்டர் இடத்தை அடைக்கும். பெட்டியோடு வரும் டூரிஸ்ட்டுக்கு அதையும் யோசிக்க வேண்டும்.

மூன்று. சேலத்தில் சொந்த வீடு, காம்பவுண்டுக்குள் வண்டி, தனி பிளக் பாயிண்ட், தினமும் ஒரே ஒரு மலை ட்ரிப். இப்படிப்பட்டவருக்கு பிளக்-இன் ஹைப்ரிட் அளவெடுத்து தைத்த சட்டை மாதிரி. ஏற்றத்துக்கு கரண்ட், இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப வரவு, அவசரத்துக்கு பெட்ரோல். ஆனால் 15, 20 லட்சத்துக்குள் அப்படி ஒரு வண்டி வந்தால்தான் பேச்சு. வருகிற வரை ஓடுகிற வண்டியை சர்வீஸ் செய்து ஓட்டுவதில் தப்பில்லை. 'வரப்போகுது' என்ற பேச்சை நம்பி யாரிடமும் முன்பணம் கட்டிவிடக்கூடாது.

கையெழுத்து போடும் முன்...

ஷோரூமில் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த மாடலுக்கு டூரிஸ்ட் பர்மிட் போட வண்டி தருவார்களா? மஞ்சள் போர்டு போட்டால் பேட்டரி வாரண்டி அப்படியே இருக்குமா, குறையுமா? வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்க வேண்டும். வாரண்டி முடிந்த பிறகு பேட்டரி மாற்ற இன்றைய விலை என்ன? டிக்கியில் பேட்டரி எவ்வளவு இடத்தை சாப்பிடும்? இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு கூடும்?

டெஸ்ட் டிரைவ் கேட்டால் பைபாசில் ஒரு ரவுண்டு விட்டு கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது போதாது. 4 ஆளை ஏற்றி, ஏ.சி. போட்டு, மலைக்கு ஏற்றி இறக்கி காட்டச் சொல்ல வேண்டும். ஏறும்போது மைலேஜ் மீட்டர், இறங்கும்போது எத்தனையாவது வளைவில் பேட்டரி நிரம்புகிறது, 'பி'-யில் போட்டால் வண்டி எப்படி நிற்கிறது, மூன்றையும் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். 15 லட்சத்துக்கு மேல் கடன் வாங்கி வண்டி எடுப்பவருக்கு ஒரு மலை ட்ரிப் காட்ட மறுக்கும் ஷோரூமாக இருந்தால், அங்கே கையெழுத்து போடுவதற்கு முன் இன்னொரு தடவை யோசிப்பது நல்லது.